மின்தடையைவிட ஆபத்தானது தேங்கிய நீரில் பாயும் மின்சாரம்

பெங்களூரு: 2025 மே 19. இரவெல்லாம் கொட்டித் தீர்த்த மழையில் தெற்கு பெங்களூருவின் பி.டி.எம். லேஅவுட்டை ஒட்டிய என்.எஸ். பாளையாவில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் அடித்தளத்துக்குள் வெள்ளம் புகுந்திருந்தது. மாலையில் அந்த நீரை மோட்டார் வைத்து இறைக்க முயன்ற 63 வயதுக் குடியிருப்பாளர் மின்சாரம் தாக்கி உயிரிழந்தார். அருகில் நின்றிருந்த 12 வயதுச் சிறுவனும் பலியானான். அக்குடியிருப்பில் பணியாற்றி வந்த நேபாளத் தொழிலாளி ஒருவரின் மகன் அவன்.

இருவரும் நெடுஞ்சாலையிலோ வயல்வெளியிலோ இறக்கவில்லை. தாங்கள் வாழ்ந்த கட்டடத்துக்குள்ளேயே இறந்தனர். மழையால் மின்சாரம் நின்றுபோனது அவர்களைக் கொல்லவில்லை. நின்றுபோக வேண்டிய இடத்தில் அது நிற்காமல் போனதே கொன்றது.

மழைக்கால மின்தடை குறித்துப் பேசும்போதெல்லாம் நாம் இருளைப் பற்றியே பேசுகிறோம். மெழுகுவர்த்தி, கொசு, உறக்கமின்மை, பாதியில் நின்ற தொலைக்காட்சித் தொடர் ஆகியவையே நமது புகார்களாக உள்ளன. ஆனால் பெங்களூருவில் அண்மை ஆண்டுகளில் நிகழ்ந்த மரணங்கள் வேறொன்றைச் சொல்கின்றன.

2022 செப்டம்பர் 5-ஆம் தேதி இரவு, ஒயிட்ஃபீல்டு பகுதியில் வெள்ளம் சூழ்ந்த சாலையில் ஸ்கூட்டர் சறுக்கியதால், ஆதரவுக்கு மின்கம்பத்தைப் பிடித்த 23 வயது இளம்பெண் உயிரிழந்தார். 2023 நவம்பர் 19-ஆம் தேதி அதிகாலை, அதே ஒயிட்ஃபீல்டில் ஹோப் ஃபார்ம் சந்திப்பு அருகே நடைபாதையில் அறுந்து கிடந்த மின்கம்பியை மிதித்த இளம்தாயும், அவர் கையிலிருந்த ஒன்பது மாதக் குழந்தையும் மாண்டனர். தமிழகத்திலிருந்து ஊர் திரும்பி வீட்டுக்கு நடந்துகொண்டிருந்த குடும்பம் அது. அச்சம்பவத்துக்குப் பின்னர் மின்வழங்கல் நிறுவனமான பெஸ்காமின் பொறியாளர்களும் ஊழியர்களும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர்.

தமிழக வாசகர்களுக்கும் இது புதிய கதையல்ல. 2017 நவம்பர் 1-ஆம் தேதி சென்னை கொடுங்கையூரில் மழைநீரில் மின்கசிவு ஏற்பட்டு, விளையாடச் சென்ற இரு சிறுமிகள் பலியானதை மறந்திருக்க முடியாது.

மின்விளக்கில் முந்திய நகரம்

மின்சாரத்துடன் பெங்களூருவின் உறவு மிகப் பழமையானது. காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் உற்பத்தியான மின்சாரம் 1902-ல் கோலார் தங்கவயலுக்குச் சென்றது. அச்சுரங்கங்களில் உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள். 1905-ல் பெங்களூருவின் தெருக்களில் மின்விளக்குகள் எரிந்தன. நாட்டின் பெரும்பாலான நகரங்கள் எண்ணெய் விளக்குடன் இருந்த காலம் அது.

ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரும், ஒரு மணி நேரக் கோடை மழைக்கு இந்நகரின் பல பகுதிகள் இருளில் மூழ்குகின்றன. இதற்குக் காரணங்கள் தெளிவானவை. ஏப்ரல், மே மாதங்களின் பிற்பகல் வெப்பத்துக்குப் பின் இடி, சூறைக்காற்றுடன் திடீர் மழை பெய்கிறது. சாலையோர மரங்களின் வேர்களைச் சுற்றிக் கான்கிரீட் போடப்பட்டுள்ளதாலும், குழாய்களுக்காகவும் கம்பிவடங்களுக்காகவும் வேர்கள் வெட்டப்பட்டுள்ளதாலும் மரங்கள் பிடிப்பிழந்து சாய்கின்றன. சாயும் மரம் மின்கம்பியை இழுத்துக்கொண்டே விழுகிறது. மின்கம்பிகளைப் பூமிக்கு அடியில் கொண்டு செல்லும் பணி சில ஆண்டுகளாக நடைபெற்று வந்தாலும், தலைக்கு மேல் கம்பி தொங்கும் தெருக்கள் இன்னும் ஏராளம்.

2024 ஜூன் 2-ஆம் தேதி ஒரே நாளில் 111.1 மி.மீ. மழை பதிவானது. ஜூன் மாதத்தின் ஒரு நாள் மழையில் 1891-க்குப் பிறகு இதுவே மிக அதிகம். நூற்றுக்கணக்கான மரங்களும் கிளைகளும் முறிந்து விழுந்தன.

மழைநீர் எங்கே போகும் என்பது அடுத்த கேள்வி. கடல்மட்டத்திலிருந்து சுமார் 3 ஆயிரம் அடி உயரத்தில், பெரிய ஆறு ஏதுமின்றி அமைந்த இந்நகரம், ஒன்றுடன் ஒன்று கால்வாய்களால் இணைக்கப்பட்ட ஏரிகளை நம்பியே வளர்ந்தது. 'ராஜகாலுவே' எனப்படும் அக்கால்வாய்கள் பல இடங்களில் ஆக்கிரமிக்கப்பட்டன. தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பேருந்து நிலையமாயிற்று; சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டு அரங்கமாயிற்று. போக்கிடம் இழந்த நீர் தாழ்வான வீடுகளிலும் அடித்தள வாகன நிறுத்துமிடங்களிலும் புகுகிறது. மின்மீட்டர் பலகையும் ஜெனரேட்டரும் நீரேற்றும் மோட்டாரும் பெரும்பாலும் அங்குதான் வைக்கப்பட்டுள்ளன.

மின்சாரம் 'போய்விட்டது' என நம்பலாமா?

மரம் விழுந்தாலோ கம்பிகள் உரசினாலோ துணைமின் நிலையத்தில் உள்ள பாதுகாப்புக் கருவி அவ்வழித்தடத்தின் மின்சாரத்தைத் தானாகவே துண்டிக்கும். வெள்ளம் மிகுந்த பகுதிகளில் மின்வாரியமே முன்னெச்சரிக்கையாக மின்சாரத்தை நிறுத்துவதும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையின் பல பகுதிகளில் அவ்வாறே செய்யப்பட்டது. அத்தகைய மின்தடை நமக்குத் தொல்லையாக இருப்பினும், உண்மையில் அது ஒரு பாதுகாப்பு.

ஆனால் அந்தப் பாதுகாப்பு எப்போது விலகும் என்பது வீட்டில் இருப்பவருக்குத் தெரியாது. தொலைவில் இருக்கும் ஊழியர் பழுதைச் சரிசெய்து மின்சாரத்தை மீண்டும் செலுத்தும்போது, உங்கள் அடித்தளத்தில் முழங்கால் அளவு நீர் நிற்பதை அவர் அறியமாட்டார். ஆகவே, தெருவில் மின்சாரம் இல்லை என்பதை நம்பி நீரில் இறங்குவது கூடாது. வீட்டின் மெயின் சுவிட்சை நாமே நிறுத்தினால்தான் அது நமது மின்தடை.

மெயின் சுவிட்ச் உள்ள இடத்தையே நீர் சூழ்ந்துவிட்டால், அதை நிறுத்துவதற்காக நீரில் இறங்கக் கூடாது. 1912 என்ற எண்ணில் பெஸ்காமைத் தொடர்புகொண்டு, அக்கட்டடத்துக்கான மின்சாரத்தை வெளியிலிருந்தே துண்டிக்கச் சொல்ல வேண்டும். நீர் இறைக்கும் வேலையை அதன் பின்னரே தொடங்க வேண்டும். அதிலும் நீரில் நிற்கும் ஒருவர் மின்மோட்டாரின் பிளக்கைச் செருகுவது தற்கொலைக்கு ஒப்பானது. டீசல் பம்பு வைத்திருப்போரையோ தீயணைப்புத் துறையையோ அழைப்பதே முறை.

இன்வெர்ட்டர் என்னும் கண்ணி

நடுத்தர வர்க்க வீடுகளில் பலரும் அறியாத ஆபத்து ஒன்று உண்டு. மெயின் சுவிட்சை நிறுத்தினாலும் இன்வெர்ட்டர் நிற்பதில்லை. தெருவில் மின்சாரம் நின்ற கணத்தில் அது விழித்துக்கொள்கிறது. பேட்டரியின் சக்தியை வீட்டு மின்சாரத்தின் அளவான 230 வோல்ட்டுக்கு உயர்த்திக் கம்பிகளில் செலுத்துகிறது. உயிரைப் பறிக்க அது போதும். எனவே வீட்டுக்குள் நீர் புகும் அறிகுறி தெரிந்தவுடன் மெயின் சுவிட்ச், இன்வெர்ட்டர் ஆகிய இரண்டையும் நிறுத்த வேண்டும். இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் தரையில் வைக்காமல் உயரமான மேடையில், காற்றோட்டமுள்ள இடத்தில் வைப்பது நல்லது. மின்னேற்றம் நடைபெறும்போது ஈய அமில பேட்டரிகளிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறும் என்பதால், அவற்றின் அருகே மெழுகுவர்த்தி ஏற்றக் கூடாது.

ஜெனரேட்டர் வைத்திருப்போர் அதனை வீட்டுக்குள்ளோ, மூடிய அடித்தளத்திலோ, ஜன்னலுக்கு அருகிலோ இயக்கக் கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவர் விழிக்காமலே இறந்துபோவார். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைப் பனிப்புயல் தாக்கி மின்சாரம் நின்றபோது, வெப்பத்துக்காக ஜெனரேட்டர்களையும் கரி அடுப்புகளையும் கார் எஞ்சின்களையும் மூடிய இடங்களில் இயக்கியோர் பலர் இந்நச்சுக்குப் பலியாயினர்.

ஜெனரேட்டரின் கம்பியைச் சுவரிலுள்ள பிளக்கில் செருகி வீடு முழுவதற்கும் மின்சாரம் எடுப்பது மற்றொரு தவறு. மெயின் சுவிட்ச் நிறுத்தப்படாமல் இருந்தால் அந்த மின்சாரம் தெருவுக்குப் பாய்ந்து, மின்மாற்றியில் எதிர்த்திசையில் ஏறி உயர் அழுத்தமாக மாறும். மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய ஊழியரின் உயிர் அதனால் போகும். 2018 நவம்பரில் கஜா புயல் தமிழகத்தின் காவிரிப் படுகையில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்களைச் சாய்த்தபோது, சேற்றிலும் நீரிலும் நின்று அவற்றை நிமிர்த்தியவர்கள் இந்த ஊழியர்களே. அவர்களில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

மழைக்கு முன்னும் பின்னும்

இடியுடன் மழை வரும் என எச்சரிக்கை வந்தவுடன் செய்ய வேண்டியவை சில. கைபேசியையும் டார்ச் விளக்கையும் மின்னேற்றிக்கொள்ள வேண்டும். மின்சாரம் நின்றால் மோட்டார் நிற்கும்; மோட்டார் நின்றால் மேல்நிலைத் தொட்டி வறளும். ஆகவே குடிநீரை முன்னதாகவே பிடித்து வைக்க வேண்டும். தொலைக்காட்சி, கணினி முதலியவற்றின் பிளக்குகளை இடி தொடங்கும் முன்பே உருவிவிட வேண்டும். சுவிட்சை நிறுத்துவது மட்டும் மின்னலைத் தடுக்காது. காற்று வீசத் தொடங்கிய பின் மின்தூக்கியைப் பயன்படுத்தக் கூடாது. உள்ளே சிக்கிக்கொண்டால் கதவை நெம்பித் திறக்க முயலாமல் எச்சரிக்கை மணியை அழுத்திக் காத்திருக்க வேண்டும்.

வெளிச்சத்துக்கு டார்ச் விளக்கே சிறந்தது. மெழுகுவர்த்தி ஏற்றியே ஆக வேண்டுமெனில், திரைச்சீலையும் கொசுவலையும் இல்லாத இடத்தில் அகலமான தட்டில் வைத்து, உறங்கும் முன் அணைத்துவிட வேண்டும். குளிர்சாதனப் பெட்டியைத் திறக்காமல் வைத்திருந்தால் உணவு சுமார் நான்கு மணி நேரம் கெடாதிருக்கும். இன்சுலின் மருந்தை, நீர் நிரம்பிய மண்பானைக்குள் சிறு புட்டியில் வைத்து, நீர் படாமல் பாதுகாப்பது நமது ஊர்களில் நீண்டகாலமாக உள்ள வழக்கம். ஆக்சிஜன் செறிவூட்டும் கருவியைச் சார்ந்து நோயாளி இருக்கும் வீடுகளில், மின்சாரம் தேவைப்படாத ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றை மாற்று ஏற்பாடாக வைத்திருப்பது அவசியம்.

வீட்டு வாசலுக்கு வெளியே கம்பி அறுந்து கிடந்தால், தெரு முழுவதும் இருண்டிருந்தாலும் அதில் மின்சாரம் உள்ளது என்றே கருத வேண்டும். கம்பியைத் தொடாதிருந்தால் போதும் என்பது தவறு. கம்பி விழுந்த இடத்தைச் சுற்றியுள்ள ஈரமண்ணிலும் மின்சாரம் பரவும். எட்டி வைக்கும் இரண்டு கால்களுக்கு இடையிலான மின்னழுத்த வேறுபாடே ஆளை வீழ்த்தும். ஆகவே குறைந்தது 10 மீட்டர் விலகி நிற்க வேண்டும். ஏற்கெனவே அருகில் வந்துவிட்டால், பாதங்களைத் தூக்காமல் ஒட்டியவாறே சிறுசிறு அடிகளாக நகர்ந்து விலக வேண்டும்.

ஒருவரை மின்சாரம் தாக்கும்போது அவரைக் கையால் பற்றி இழுப்பதால்தான் ஒரே வீட்டில் இரண்டு, மூன்று உயிர்கள் போகின்றன. முதலில் மெயின் சுவிட்சை நிறுத்த வேண்டும். அது இயலாதபோது, ஈரமில்லாத இடத்தில் நின்று உலர்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ அவரை விலக்கலாம். ஆனால் தெருவின் உயர் அழுத்தக் கம்பி எனில் நெருங்கவே கூடாது. விலக்கிய பின் மூச்சில்லை எனில், 108 ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, மார்பின் நடுவே இரு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். மின்தாக்குதலால் நின்ற இதயம், உடனடியாகச் செய்யப்படும் இம்முதலுதவியால் மீண்டும் துடித்த நிகழ்வுகள் பல உண்டு.

வெள்ளம் வடிந்த பின்னரும் அவசரம் கூடாது. நீரில் மூழ்கிய பிளக்குகளையும் மோட்டாரையும் மின்பணியாளர் பரிசோதிக்கும் வரை இயக்கக் கூடாது. மின்சாரம் திரும்பியதும் எல்லாக் கருவிகளையும் ஒரே நேரத்தில் இயக்காமல், சில நிமிடங்கள் பொறுத்து ஒவ்வொன்றாக இயக்குவது நலம்.

உயிரைக் காக்கும் ஒரு சிறு கருவி

இவ்வளவு எச்சரிக்கைகளுக்கும் மேலாக ஒரு கருவி உள்ளது. தமிழகத்தில் 'உயிர்காக்கும் சாதனம்' என்றே குறிப்பிடப்படும் மின்கசிவு தடுப்பான் அது. பெரும்பாலான வீடுகளில் இருக்கும் எம்சிபி சுவிட்ச், கம்பிகள் தீப்பற்றாமல் காப்பதற்கானது; மனிதரைக் காப்பதற்கானதன்று. 16 ஆம்பியர் எம்சிபி, அந்த அளவுக்கு மேல் மின்சாரம் பாய்ந்தால்தான் இயங்கும். மனித இதயத்தைத் தடுமாறச் செய்ய அதில் 500-ல் ஒரு பங்கே போதும்.

மின்கசிவு தடுப்பான் வேறு வகையில் இயங்குகிறது. வீட்டுக்குள் செல்லும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமாக உள்ளனவா என்று அது ஓயாமல் ஒப்பிடுகிறது. வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரைத் தொட்டால், அந்த மின்சாரம் நீர் வழியாகவோ மனித உடல் வழியாகவோ மண்ணுக்குச் செல்கிறது என்று பொருள். கண்ணிமைக்கும் நேரத்தில் அது இணைப்பைத் துண்டித்துவிடும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்ப்பதும், இன்வெர்ட்டர் வழிச் செல்லும் இணைப்புகளுக்கும் அப்பாதுகாப்பு உள்ளதா என மின்பணியாளரிடம் கேட்டறிவதும் அவசியம்.

மத்திய மின்சார ஆணையம் 2010-ல் வெளியிட்ட பாதுகாப்பு ஒழுங்குமுறைகள், வீட்டு இணைப்புகளுக்கு இந்த 30 மில்லி ஆம்பியர் வரம்பை நிர்ணயித்தன. ஆனால் குறைந்த மின்பளு கொண்ட சிறிய இணைப்புகளுக்கு அவற்றில் விலக்கும் அளிக்கப்பட்டது. குளிர்சாதன வசதியுள்ள வீட்டுக்குக் கட்டாயமான பாதுகாப்பு, ஒரு விளக்கும் ஒரு மின்விசிறியும் உள்ள தகரக் கூரை வீட்டுக்குக் கட்டாயமில்லை என்பதே அதன் விளைவு. மழையில் முதலில் நனைவது எந்த வீட்டின் சுவர் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

யார் பொறுப்பு?

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கின்படி, 2019 முதல் 2021 வரை ஒவ்வோர் ஆண்டும் நாட்டில் 12 ஆயிரத்துக்கும் அதிகமானோர் மின்சாரம் தாக்கி இறந்துள்ளனர். இத்தனை பேரின் கவனக்குறைவுதான் காரணம் என்று கூறிவிட முடியுமா?

சட்டம் அவ்வாறு கூறவில்லை. மத்தியப் பிரதேசத்தின் ஜபல்பூரில் 1997-ல் மழைநீர் தேங்கிய சாலையில் அறுந்து கிடந்த கம்பியில் சிக்கி சைக்கிளில் சென்ற தொழிலாளி ஒருவர் இறந்தார். வேறொருவர் மின்சாரம் திருடக் கொக்கி போட்டதே காரணம் என்று மின்வாரியம் வாதிட்டது. அதை ஏற்க மறுத்த உச்ச நீதிமன்றம், ஆபத்தான பொருளை விநியோகிப்பவரே அதனால் நேரும் தீங்குக்குப் பொறுப்பு என்றும், கவனக்குறைவு நிரூபிக்கப்பட வேண்டியதில்லை என்றும் 2002-ல் தீர்ப்பளித்தது.

மின்சாரச் சட்டம், 2003-ன் 161-வது பிரிவின்படி, உயிரிழப்பு ஏற்படுத்தும் ஒவ்வொரு மின்விபத்தும் அரசின் மின்ஆய்வாளருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். அதன் 57-வது பிரிவு, சேவைத் தரத்தில் தவறும் நிறுவனம் நுகர்வோருக்கு இழப்பீடு வழங்க வேண்டும் என்கிறது. 2020 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட மின்நுகர்வோர் உரிமை விதிகளும் இதை வலியுறுத்துகின்றன. எனினும் இழப்பீடு கோரும் வழி அறிந்தோர் சிலரே. வாடகை வீட்டில் வாழ்வோருக்கும் கட்டுமானக் கொட்டகையில் தங்கியிருப்போருக்கும் அது எட்டாத தொலைவில் உள்ளது.

மின்சாரம் இல்லாமற்போவதும் நீண்டால் கொல்லும். 2017 செப்டம்பரில் மரியா சூறாவளி தாக்கிய போர்ட்டோ ரிகோவில் சில பகுதிகளுக்கு மின்சாரம் திரும்ப ஏறத்தாழ ஓராண்டு ஆனது. அரசு முதலில் அறிவித்த உயிர்ப்பலி 64. பின்னர் நடந்த ஆய்வு, அடுத்த ஆறு மாதங்களில் வழக்கத்தைவிட 2,975 பேர் கூடுதலாக இறந்ததாக மதிப்பிட்டது; அரசும் அதை ஏற்றது. அவர்களில் முதியோரும் ஏழைகளுமே அதிக அளவில் பாதிக்கப்பட்டிருந்தனர். ஆகவே மின்சாரத்தை நிறுத்தி வைத்தால் கடமை முடிந்தது என்று எந்த நிறுவனமும் இருந்துவிட முடியாது.

வீடுகளுக்கு மாதம் 200 யூனிட் வரை இலவச மின்சாரம் வழங்கும் திட்டத்தைக் கர்நாடக அரசு 2023 ஜூலை முதல் செயல்படுத்தியது. ஏழை வீடுகளில் விளக்கெரிவதற்கான செலவை ஓர் அரசால் ஏற்க முடியுமெனில், அந்த வீடுகளில் சில ஆயிரம் ரூபாய் விலையுள்ள ஒரு தடுப்பானைப் பொருத்துவது இயலாத செயலன்று. புதிய அடுக்குமாடிக் கட்டடங்களில் மின்பலகையையும் மோட்டாரையும் அடித்தளத்தில் வைக்க அனுமதி மறுப்பதற்குச் செலவே இல்லை. மழைக்கு முன் மரக்கிளைகளை வெட்டவும், சாய்ந்த கம்பங்களை மாற்றவும், திறந்து கிடக்கும் மின்பெட்டிகளை மூடவும் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன் பொதுமக்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று அறிவிப்பு வெளியாகிறது. அதைப் பின்பற்றி மெயின் சுவிட்சையும் இன்வெர்ட்டரையும் நிறுத்துவது குடிமக்களின் கடமை. ஆனால் என்.எஸ். பாளையா அடித்தளத்தில் நின்ற அந்தச் சிறுவனுக்கு நிறுத்துவதற்கு ஒரு சுவிட்சும் சொந்தமாக இல்லை. அவனைப் போன்றோருக்காக அதை நிறுத்த வேண்டியவர்கள் யார் என்ற கேள்விக்கு, அடுத்த மழைக்கு முன் பதில் கிடைத்தாக வேண்டும்.